உங்களுக்குத் தெரியுமா? உலகம் ஒன்று, கதை வேறு!

மந்திரவாதி, டிராகன், மாய மோதிரம் என்று நம்பி ஒரு கதைத்தொடரைக் கையில் எடுக்கிறோம். நாலாவது புத்தகத்தில் போலீஸ்காரர் வந்து நிற்கிறார். அதற்கும் பிறகு ரயில் ஓடுகிறது. "நான் வாங்கிய தொடர்தானா இது?" என்று அட்டையைத் திருப்பிப் பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தத் துணுக்குகள்.

● 'தி ஹாபிட்' நூலை அச்சிடலாம் என்று சிபாரிசு செய்தது ஒரு 10 வயதுப் பையன்! பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினின் மகன் ரேனர்தான் அவன். படித்துக் கருத்து எழுதிக் கொடுத்ததற்கு அப்பா தந்த கூலி ஒரு ஷில்லிங். 1937இல் புத்தகம் வந்தது, நன்றாகவும் விற்றது. "ஹாபிட்களைப் பற்றி இன்னொன்று எழுதுங்கள்" என்று பதிப்பகம் கேட்டது. அந்த டிசம்பரிலேயே ஆசிரியர் டோல்கீன் எழுத உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளுக்கான இன்னொரு கதை என்றுதான் தொடங்கினார். முடிந்து அச்சாகும்போது 1954–55 ஆகிவிட்டது. கையில் இருந்ததோ 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. படுக்கையில் சொல்லும் கதை பெரும்போர்க் காவியமாகிவிட்டிருந்தது.

● கதையின் வகை மாறியதால், ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த பழைய புத்தகத்தையே ஆசிரியர் திருத்த வேண்டி வந்தது. 1937 பதிப்பில் குகைக்குள் நடக்கும் விடுகதைப் போட்டியைப் பாருங்கள். நாயகர் பில்போ ஜெயித்தால் தன் மாய மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகக் குகைவாசி கோல்லம் வாக்குக் கொடுக்கிறது. தோற்றபின் தேடிப் பார்க்கிறது, கிடைக்கவில்லை. கிடைக்காததற்கு மன்னிப்புக் கேட்கிறது! பதிலுக்குக் குகையை விட்டு வெளியேற வழியும் காட்டி அனுப்புகிறது. அந்த மோதிரம் வெறும் மாயப் பொருளாக இருந்தவரை இதில் குற்றமில்லை. ஆனால் புதிய கதையில் மோதிரம் வைத்திருப்பவரையே விழுங்கும் தீமை. அதை யாரும் மனமுவந்து பரிசு கொடுக்க முடியாது. ஆகவே டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதி, மாதிரிக்கு என்று 1947இல் பதிப்பகத்துக்கு அனுப்பினார். அவர்கள் அதையே அடுத்த பதிப்புக்கான திருத்தமாக எடுத்துக்கொண்டு அச்சுக் கோத்துவிட்டார்கள். மெய்ப்பு வந்தபோது அவருக்கே வியப்பு. 1951 முதல் நாம் படிப்பது, "திருடன்!" என்று அலறும் கோல்லத்தைத்தான்.

பழைய பதிப்பை வைத்திருந்தவர்களுக்கு என்ன பதில்? அங்கேதான் டோல்கீனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. பில்போ முதலில் சொன்னது பொய் என்று கதைக்குள்ளேயே எழுதிவிட்டார். மோதிரம் தனக்கு நியாயமாகக் கிடைத்தது என்று காட்ட பில்போ கட்டிய கதையாம் அது. அந்தப் பொய்யே மோதிரம் அவரைப் பிடிக்கத் தொடங்கியதற்கு அடையாளமும் ஆயிற்று. அச்சில் இருந்த ஒரு முரண், கதாபாத்திரத்தின் குணமாக மாறிவிட்டது.

● 1960இல் டோல்கீன் இன்னும் ஒரு படி மேலே போய், 'தி ஹாபிட்' முழுவதையும் காவிய நடையில் திரும்ப எழுதத் தொடங்கினார். சில அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. படித்துப் பார்த்த ஒரு தோழி, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது 'தி ஹாபிட்' இல்லையே என்ற பொருளில் சொன்னாராம். அந்தத் தோழிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கைக்குட்டையை மறந்து வந்துவிட்டோமே என்று பில்போ கவலைப்படும் அந்தக் குழந்தைக் கதை அப்படியே இருந்தால்தான், பின்னால் வரும் இருட்டின் ஆழம் தெரியும்.

● ஆர்தர் மன்னர் கதையை எழுதிய டி.எச். வைட்டுக்கும் இதே பாடு. 1938இல் வந்த 'தி ஸ்வார்ட் இன் த ஸ்டோன்' சிறுவன் ஒருவன் மீனாகவும் பறவையாகவும் மாறிப் பாடம் கற்கும் கலகலப்பான கதை. தொடர் போகப்போகத் துரோகமும் போரும் நிறைந்த சோகமானது. 1958இல் எல்லாவற்றையும் ஒரே நூலாகத் தொகுத்தபோது, முதல் பகுதியையும் திருத்தி, எறும்புகளின் சர்வாதிகார உலகத்தை உள்ளே கொண்டுவந்தார்.

● அலுமினியத்துக்காக ஒரு மாயக் கதை கௌபாய் கதையானது தெரியுமா?

பிராண்டன் சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' தொடரில் சிலர் உலோகத் துகளை விழுங்கி, வயிற்றுக்குள் அதை 'எரித்து' சக்தி பெறுவார்கள். எஃகை எரித்தால் அருகில் உள்ள உலோகத்தைத் தள்ளலாம். இரும்பை எரித்தால் இழுக்கலாம். 2006இல் வந்த முதல் நூல், கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு பேரரசையே கொள்ளையடிக்கத் திட்டம் போடும் கதை. 2007இல் வந்த இரண்டாவது, முற்றுகைக்குள் சிக்கிய நகரத்தின் அரசியல். 2008இல் வந்த மூன்றாவதில் உலகமே அழியும் கட்டம். மூன்றும் மூன்று வகை.

நாலாவது, 2011இல் வந்த 'தி அல்லாய் ஆஃப் லா'. சுமார் 300 ஆண்டுகள் ஓடிவிட்டன. ரயில் வந்துவிட்டது, துப்பாக்கி வந்துவிட்டது. எல்லைப்புறத்தில் சட்டத்தைக் காத்த ஒருவர் நகரத்துக்குத் திரும்பித் துப்பறிகிறார். லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரோடு வளர்ந்தவர்களுக்கு இந்தக் காற்றும் புழுதியும் பழக்கமானவை. இனிக் கவனியுங்கள்: முதல் மூன்று நூல்களில் காசைச் சுண்டி எஃகு சக்தியால் தள்ளினால் அதுவே தோட்டா. துப்பாக்கி வந்தபின் அதே சக்தியால் எதிரியின் தோட்டாவையும் திருப்பித் தள்ளிவிடலாம். அப்படிப்பட்டவரை எப்படிச் சுடுவது? இந்த மாயம் எடுபடாத ஒரே பெரிய விதிவிலக்கு அலுமினியம். ஆகவே அலுமினியத் தோட்டா வேண்டும். அந்த உலகில் அது கிடைப்பது அரிது, விலையோ எக்கச்சக்கம். நம் உலகிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அலுமினியம் விலைமதிப்புள்ள உலோகம்தான். 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் அதைத்தான் கிரீடமாக வைத்தார்கள். ஒரு பழைய மாய விதியும் ஒரு புதிய கருவியும் மோதியதில் புதுக்கதை பிறந்திருக்கிறது. அந்த நகரத்து மக்கள் கும்பிடுவது யாரை என்கிறீர்கள்? முதல் மூன்று நூல்களில் நம்மோடு பசியும் பயமுமாக ஓடியவர்களைத்தான். அதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

● கதையின் வகை மாறுவது பெரிதல்ல. மாறப்போவதற்கான விதை முன்பே மண்ணில் கிடந்ததா என்பதுதான் கேள்வி. ஆன் மெக்காஃப்ரியின் 'பெர்ன்' தொடரைப் பாருங்கள். 1968இல் வந்த 'டிராகன்ஃபிளைட்' முழுக்க டிராகன், கோட்டை, குறுநிலத் தலைவர்கள். 1988இல் வந்த 'டிராகன்ஸ்டானில்' உண்மை விரிகிறது: அங்கே குடியேறியவர்கள் விண்கலத்தில் வந்த மனிதர்கள், அந்த டிராகன்களோ அவர்கள் மரபணுவை மாற்றி உருவாக்கியவை! 1991 நூலில் சாம்பலுக்கு அடியில் புதைந்திருந்த கணினியே பேசுகிறது. மாயக் கதை விஞ்ஞானக் கதையாகிவிட்டதே என்று யாரும் சண்டைக்குப் போக முடியாது. அந்தக் கிரகம் மனிதர்கள் குடியேறிய இடம் என்று முதல் நூலின் தொடக்கப் பக்கங்களிலேயே சொல்லியிருந்தார். டிராகன் பறக்கும் வேகத்தில் நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

● ரோஜர் செலாஸ்னியின் 'ஆம்பர்' வரிசை (1970) மருத்துவமனைக் கட்டிலில் தொடங்குகிறது. கண் விழிப்பவருக்குத் தான் யார் என்றே தெரியாது. பேச்சும் நடையும் அச்சு அசல் தனியார் துப்பறிவாளர். சில அத்தியாயங்கள் கழித்துத்தான் அவர் வேறோர் உலகத்து இளவரசர் என்பது நமக்கும் அவருக்கும் சேர்ந்து தெரியவரும். 1985இல் தொடங்கிய இரண்டாம் சுற்றில் நாயகன் அவருடைய மகன். அவன் தொழில் கம்ப்யூட்டர்!

● 'நார்னியா'வின் ஏழு புத்தகங்களும் ஏழு கிரகங்கள் என்று ஓர் ஆய்வு உண்டு.

1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்தவை அவை. ஒன்று பனிக்காலத்துச் சூனியக்காரிக் கதை, ஒன்று போர், ஒன்று தீவு தீவாகப் போகும் கடல் பயணம், ஒன்று பாதாளம், ஒன்று பாலைவனத்தைக் குதிரையில் கடக்கும் தப்பியோட்டம், ஒன்று உலகம் பிறக்கும் கதை, கடைசியாக உலகம் முடியும் கதை. சி.எஸ். லூயிஸ் ஏன் இப்படித் தாவினார் என்பது வெகுநாள் கேள்வி. ஐரோப்பிய இடைக்காலத்து வானியலில் அவர் ஊறிப்போன பேராசிரியர். மைக்கேல் வார்ட் என்ற ஆய்வாளர் 2008இல் 'பிளானட் நார்னியா' நூலில் ஒரு சாவியைக் காட்டினார். முதல் நூல் வியாழன், போர்க்கதை செவ்வாய், கிழக்கே சூரியோதயத்தை நோக்கிப் போகும் கப்பல் சூரியன், பித்தும் ஈரமும் வெள்ளியுமான பாதாளக் கதை சந்திரன், பேசும் குதிரை புதன், படைப்பும் கனியும் தாயும் வரும் கதை வெள்ளி, முடிவுக் கதை சனி!

எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. ஆனால் நம் வீட்டுச் சுவரில் ராசிக் கட்டம் போட்ட காலண்டர் தொங்குகிறதே, அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று விளங்கும். சந்திரன் மனோகாரகன், புதன் வாக்கு, செவ்வாய் யுத்தம், சனி முதுமை. ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து யோசித்தவரும் இங்கே பஞ்சாங்கம் பார்ப்பவரும் ஒரே ஏழு பேரைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

● ஸ்டீபன் கிங்கின் 'டார்க் டவர்' கௌபாய் சாயலோடு தொடங்கும்: பாலைவனம், துப்பாக்கி வீரன், துரத்தல். 2003இல் வந்த ஐந்தாம் நூலில் ஒரு கிராமத்துப் பிள்ளைகளைத் தூக்கிப்போக ஒரு கூட்டம் வரும். ஊர்க்காரர்கள் துப்பாக்கி வீரர்களிடம் உதவி கேட்பார்கள். 'செவன் சாமுராய்' (1954) பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும். அதைத் தழுவி 1960இல் 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' எடுத்தவர் ஜான் ஸ்டர்ஜஸ், நடித்தவர் யுல் பிரின்னர். கிங் அந்தக் கிராமத்துக்கு வைத்த பெயர் கல்லா பிரின் ஸ்டர்ஜிஸ். ஆறாம் நூலில் ஸ்டீபன் கிங் என்ற எழுத்தாளரே கதாபாத்திரமாக வந்துவிடுகிறார். 1999இல் வேன் மோதி அவர் சாகக் கிடந்த நிஜ விபத்தும் கதைக்குள் வருகிறது.

● டெரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்': 1983 முதல் 2015 வரை 41 நாவல்கள். நாலு யானைகள் தாங்க, ஒரு மாபெரும் ஆமையின் முதுகில் செல்லும் தட்டையான உலகம். முதல் நூல் அந்தக் காலத்து வாள்–மந்திரக் கதைகளைக் கேலி செய்தது. கேலியே செய்துகொண்டிருந்திருந்தால் மூன்று நான்கு புத்தகங்களில் தீர்ந்திருக்கும்.

திருப்பம் 1989இல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!'. மாயக் கதைகளில் ஒரு காட்சி உண்டு: "காவலர்களே!" என்று வில்லன் கத்துவான், பெயரில்லாத நாலு பேர் ஓடிவந்து, ஒவ்வொருவராக நாயகன் கையால் சாவார்கள். அவர்களுக்கு வேறு வேலையே இல்லை. பிராட்செட் அந்தப் பெயரில்லாதவர்களுக்கே இந்த நூலைச் சமர்ப்பணம் செய்தார். அவர்களுக்கு வீடு உண்டா, சம்பளம் எவ்வளவு, மழையில் பூட்ஸ் நனையுமா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் சாம் வைம்ஸ் என்ற காவல் தலைவர் பிறந்தார்; தொடருக்குள் ஒரு முழுத் துப்பறியும் வரிசையே கிளைத்தது. 1996இல் வந்த 'ஃபீட் ஆஃப் க்ளே'யில் நகரத்தின் ஆட்சியாளருக்கு யாரோ விஷம் வைக்கிறார்கள். எதில் வைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் பகுதி எந்தத் துப்பறியும் எழுத்தாளரும் பெருமைப்படத் தக்கது. படிக்காதவர்களுக்காக விடையைச் சொல்லாமல் விடுகிறேன்.

அதன்பின் அந்த நகரம் நிற்கவில்லை. 2000இல் செய்தித்தாள், 2004இல் தபால் நிலையம், 2007இல் வங்கி, 2013இல் ரயில். மந்திரவாதிகள் ஓரமாக நிற்க, தொழிற்புரட்சி நடந்தேறுகிறது. எழுதியவர் பத்திரிகை நிருபராக இருந்தவர். பிறகு பிரிட்டனின் மின் உற்பத்தி வாரியத்தில் அணுமின் நிலையங்களுக்காகச் செய்தித் தொடர்பு வேலை பார்த்தவர். எந்திரத்தையும் பார்த்தார், அதைக் கண்டு பயப்படும் மக்களையும் பார்த்தார். அந்தப் பார்வை நூல்களில் ஊறியிருக்கிறது.

● 'கோயிங் போஸ்டல்' என்ற அந்தத் தபால் நிலைய நூலில், ஊருக்கு ஊர் கோபுரங்கள் வழியே விளக்குச் சைகையில் செய்தி போகும். 1790களில் பிரான்சில் கிளாட் ஷாப் நிறுவிய சைகைக் கோபுரங்களின் சாயல் அது. கோபுரத்தில் வேலை பார்க்கும்போது இறந்துபோன ஒருவரின் பெயரை, சக பணியாளர்கள் மூன்று எழுத்துக் குறியீடு ஒன்றோடு அனுப்புவார்கள். அதன் பொருள்: அடுத்த கோபுரத்துக்கு அனுப்பு, பதிவேட்டில் எழுதாதே, கடைசிக் கோபுரம் போனால் திருப்பி அனுப்பு. பெயர் நின்றுவிடாமல் போய்க்கொண்டே இருக்கும்.

2015 மார்ச் 12இல் பிராட்செட் இறந்தார். கணினி அறிந்த அவருடைய வாசகர்கள், தங்கள் இணையதளங்கள் அனுப்பும் தகவலின் தலைப்பகுதியில், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதே குறியீட்டோடு அவர் பெயரைச் சேர்த்தார்கள். தொடர் வாளையும் மந்திரத்தையும் விட்டுக் கோபுரத்துக்கும் தபாலுக்கும் நகராதிருந்தால், இந்த அஞ்சலிக்கு ஒரு வழியே இருந்திருக்காது.

● 'ஹாரி பாட்டர்' முதல் புத்தகம் (1997) பிரிட்டிஷ் பதிப்பில் 223 பக்கம். ஐந்தாவது (2003) 766 பக்கம். விடுதிப் பள்ளிக் கதையாகத் தொடங்கிய தொடர், ஏழாவதில் பெரும்பகுதி பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல் காடு காடாகத் தலைமறைவாய்த் திரிகிறது. முதல் புத்தகத்தை 11 வயதில் வாங்கிய பிள்ளை, ஏழாவதை 21 வயதில் வாங்கியிருக்கும்.

● கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த தொடர்: உர்சுலா கே. லெ குவினின் 'எர்த்ஸீ'.

1968இல் முதல் நூல். கெட் என்ற சிறுவன் அகந்தையால் ஒரு நிழலைக் கிளப்பிவிட்டு, கடல் கடலாகப் படகில் அதைத் துரத்துகிறான். செம்பழுப்பு நிறத்தவன் அவன். வெள்ளைத் தோல் நாயகர்களே நிறைந்திருந்த காலத்தில் லெ குவின் தெரிந்தே செய்த காரியம் இது. 1971இல் இரண்டாவது. திறந்த கடல் போய், விளக்கே ஏற்றக் கூடாத நிலவறைச் சுரங்கம். நாயகி டெனார், ஐந்து வயதில் தாய்வீட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட பூசாரிப் பெண். கெட் வந்து சேர வெகு நேரமாகும். 1972இல் மூன்றாவது, சாவின் நாடு வரை போகும் பயணம்; அங்கே தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிடுகிறார் கெட். மூன்றோடு முடிந்தது என்றுதான் உலகம் நினைத்தது.

18 ஆண்டுகள் கழித்து, 1990இல் 'டெஹானு'. வாசகர்கள் காத்திருந்தது இன்னொரு மாயப் பயணத்துக்கு. கிடைத்தது ஒரு பண்ணை வீடு. டெனார் இப்போது நடுவயது விதவை, இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். பெற்றவர்களிடம் வதைபட்டு, முகத்தின் ஒரு பக்கம் தீயில் கருகிய ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். கெட் டிராகனின் முதுகில் நினைவிழந்து வந்து சேர்கிறார், மந்திரம் ஒரு சொட்டும் மிச்சமில்லாமல். பிறகு ஆடு மேய்க்கப் போகிறார். சமையல், துவையல், ஆட்டுப்பால், வாசலில் வந்து நிற்கும் கெட்டவர்களைப் பார்த்து வரும் பயம். சாப்பிட்டபின் பாத்திரம் கழுவுவது யார் வேலை என்பது இந்தக் கதையில் பெரிய விஷயம்.

முதல்முறை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கெட்டை இப்படி ஆக்கிவிட்டாரே என்று பாதியில் மூடி வைத்தேன். பல ஆண்டுகள் கழித்து, வீட்டில் படுத்த படுக்கையாய் ஒருவரைப் பார்த்துக்கொண்ட நாட்களில் மறுபடி எடுத்தேன். அந்தச் சிறுமிக்கு டெனார் கஞ்சி ஊட்டவும் காயத்தைப் பார்க்கவும் ராத்திரி விழித்திருக்கவுமான பக்கங்களை அப்போதுதான் உண்மையில் படித்தேன். முதல் நூல்கள் ஆண் மந்திரவாதிகள் மட்டும் படிக்கும் பள்ளியைக் காட்டின. கிராமத்துப் பெண்ணின் மந்திரத்தை மட்டமாகப் பேசும் ஊரையும் காட்டின. 'டெஹானு' அந்த ஊரிலேயே, அந்தப் பெண்களின் அடுப்படியில் உட்கார்ந்து, அது நியாயமா என்று கேட்கிறது. எழுதியவரே தன் பழைய புத்தகத்தைக் கேட்ட கேள்வி இது. அதற்கு நெபுலா விருதும் கிடைத்தது.

● 'டெஹானு'வின் அட்டையில் 'எர்த்ஸீயின் கடைசி நூல்' என்று போட்டிருந்தது. ஆனால் 2001இல் மேலும் இரண்டு நூல்கள் வந்தன!

அதற்கும் பிறகு ஒன்று இருந்தது. லெ குவின் 2018 ஜனவரியில் காலமானார். அந்த ஆண்டு கோடையில் 'பாரிஸ் ரிவ்யூ' இதழில் 'ஃபயர்லைட்' என்ற சிறுகதை வெளியானது. முதியவர் கெட் வீட்டில் படுக்கையில் கிடக்கிறார், டெனார் அருகே இருக்கிறாள். 'டெஹானு'வில் பார்த்த அதே வீட்டுக் கதைதான். அடுப்புத் தீயின் வெளிச்சத்தில் அவர் தன் பழைய படகை நினைக்கிறார், எங்கோ ஒரு கரை மணலில் விட்டுவிட்டு வந்த 'லுக்ஃபார்' என்ற படகை. நினைத்துக்கொண்டே இருக்கும்போது சுவரும் கட்டிலும் மெல்ல விலகுகின்றன. படகு தண்ணீரில் இருக்கிறது, கெட் அதில் இருக்கிறார், மேற்கே போகிறார்.